தீடையில் நின்றவர்கள்

வெஸ்ட்மார் நகரின் ஏழாம் இலக்க ட்ராம், மீன்சந்தைக்கும் மாநகர மண்டபத்துக்கும் நடுவில், தரிப்பிடமே இல்லாத ஓரிடத்தில் நின்றது. சாரதி எழுந்து, தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார். தண்டவாளத்தில் ஏதோ கிடக்கிறது, அகற்றப் போகிறார் என்று பயணிகள் நினைத்தார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு நேரே நடந்து, பழைய கயிற்றுத் தொழிற்சாலையின் மூன்றாம் மாடிக்கு ஏறி, சாம்பவியின் கலைக்கூடத்துக் கதவை உள்ளங்கையால் அடித்தார்.

"கதவைப் பூட்டு தங்கச்சி," என்றார் உள்ளே வந்ததும். "முதல்ல பூட்டு. பிறகு கதைப்பம்."

சாம்பவி பூட்டினாள். மரியதாஸ் அண்ணையை அவள் இப்படிப் பார்த்ததில்லை. அறுபதை நெருங்கும் மனிதர். மன்னாரில் பேசாலைக்காரர். அந்த நகரத்தில் தமிழர் வீட்டுக் கல்யாணம், சாவீடு எதுவென்றாலும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குபவர். இப்போது அவருடைய கைகள் நிலைகொள்ளாமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

"என்னைக் கூப்பிட்டிருக்கிறாங்கள்."

"ஆர் அண்ணை?"

"மீளாய்வுக்காரர். ட்ராம் ஓடிக்கொண்டிருக்கேக்க போன் வந்தது. வந்து கதிரையில இருக்கட்டாம். கமராவுக்கு முன்னால." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன்ரை கமராவுக்கு முன்னால."

சாம்பவி ஏழு வயதில் தாயோடு இந்த நாட்டுக்கு வந்தவள். இப்போது நாற்பதைக் கடந்துவிட்டாள். படம் பிடிப்பது அவளுடைய வேலை. தியேட்டரில் ஓடும் படமல்ல. அருங்காட்சியகங்களின் இருட்டு மண்டபங்களில், சுவர் முழுக்க, நடுவில் வந்து நின்று பார்த்துவிட்டு நடுவிலேயே போய்விடக்கூடிய படங்கள். நாடு விட்டு நாடு வந்தவர்களைப் பற்றியே எடுத்தாள். உங்களுக்கு வேறு விஷயமே தெரியாதா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது, தெரியாது என்றுதான் பதில் சொன்னாள்.

போன ஆண்டு அவள் வைத்த கண்காட்சியின் பெயர் 'அவர்கள் பார்த்தது'. அதற்கான கமராவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்த நவநீதன் கொண்டுவந்தான். நவநீதன் கோயம்புத்தூர்க்காரன். ஒருவர் பழையதை நினைத்துப் பேசும்போது அவருடைய விழிகள் சும்மா இருப்பதில்லை என்று அவன்தான் அவளுக்குச் சொன்னான். அன்றைக்கு அந்த இடத்தில் எங்கெங்கே பார்த்தனவோ, அங்கங்கே மறுபடி மிக மெல்லியதாக நகர்ந்து பார்க்கின்றன. அந்த நகர்வைப் பிடித்து, கோடாக்கி, அவர் பார்த்த இடத்தை அவருக்குப் பின்னாலிருக்கும் சுவரில் வரைந்துவிடும் கமரா அது.

முப்பதுக்கும் மேற்பட்டவர்களை சாம்பவி அதன் முன்னால் உட்காரவைத்தாள். ஓர் எரித்திரியப் பெண் பேசப் பேச, பின்னால் ஒரு பாலைவனமும் அதில் கவிழ்ந்த வாகனமும் சாம்பல் நிறக் கோடுகளாக எழுந்தன. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இளைஞன் பேச, மலைப்பாதையும் ஒரு கழுதையின் பின்கால்களும் வந்தன. அவன் திரும்பிப் பார்த்துவிட்டு அழுதான். ஆனால் சிலருக்கு எதுவுமே வரவில்லை. கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் கலைந்து வெறும் புகையாக நின்றன. மரியதாஸுக்கும் புகைதான் வந்தது. அந்தப் புகையைச் சாம்பவி மண்டபத்தின் நடுச்சுவரில் வைத்தாள். வந்தவர்கள் அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள்.

குடிவரவுத் திணைக்களத்தின் ஆட்களும் வந்து நின்றிருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, பழைய அகதி விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் மீளாய்வு செய்வதாக அறிவிப்பு வந்தது. எந்த நிகழ்ச்சியை வைத்து அடைக்கலம் கிடைத்ததோ, அந்த நிகழ்ச்சியைக் கமராவின் முன்னால் மறுபடி சொல்ல வேண்டும். படம் வந்தால் சரி. புகை வந்தால், சொன்னது பொய் என்று அர்த்தம்.

"எனக்கு என்ன வரும்?" என்று கேட்டார் மரியதாஸ். "சொல்லு. ஊரெல்லாம் பார்த்ததுதானே. நீயே சொன்னனி, வடிவாயிருக்கு அண்ணை எண்டு."

சாம்பவி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்கள் சொன்னது உண்மைதானே?"

கேட்டிருக்கக்கூடாது என்று உடனே தெரிந்தது. அவர் முகம் மாறியது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சுவரோரம் போய், அங்கிருந்த வெற்றுப் பெட்டி ஒன்றில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"உண்மை," என்றார். "ஆனால் நான் பாக்கேல்லை."

* * *

நவநீதன் தொலைபேசியில் பேச மறுத்தான். நகர நீச்சல்குளத்தின் மேல்தளத்தில் இருந்த கோப்பிக்கடைக்கு வரச் சொன்னான். கீழே பிள்ளைகள் நீரில் குதித்துக் கத்தும் சத்தத்தில் பக்கத்து மேசையில் பேசுவதுகூடக் கேட்காது. அதற்காகத்தான் அந்த இடம் என்பது அவன் உட்கார்ந்து நாலுபக்கமும் பார்த்த விதத்தில் தெரிந்தது.

"நான் விசாவுல இருக்கறவன் சாம்பவி. இதெல்லாம் உங்ககிட்டப் பேசினேன்னு தெரிஞ்சா ஒரே வாரத்துல கிளப்பிருவாங்க," என்றான்.

"நீங்கள் அந்தக் கமராவை அவையளுக்குக் குடுத்தனீங்களா?"

"நான் எங்கீங்க குடுத்தேன்? ஆய்வுகூடம் குடுத்துச்சு. உங்க கண்காட்சியைக் காட்டித்தான் குடுத்துச்சு. பாருங்க, எவ்வளவு துல்லியமா வருதுன்னு." அவன் கோப்பியைத் தொடவே இல்லை. "அது பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷின் இல்லீங்க. கண்ணு பாத்ததை மட்டுந்தான் வரையும். பொய் சொல்றவனுக்கும் புகைதான் வரும். பயத்துல கண்ணை இறுக மூடிக்கிட்டவனுக்கும் புகைதான் வரும். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல அதுக்குத் தெரியாது."

"இதை அவையளுக்குச் சொன்னீங்களா?"

"எழுதியே குடுத்தேன். அப்படிப்பட்டவங்க ரொம்பக் கொஞ்சம் பேர்தானேன்னு சொல்லிட்டாங்க."

கீழே யாரோ ஒரு பிள்ளை பலகையிலிருந்து குதிக்க, தண்ணீர் வெடித்தது. சாம்பவி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆகப் பயந்தவர்களைத்தான் அந்தக் கமரா பொய்யர் என்று சொல்லப்போகிறது. அந்தப் புகையை அழகு என்று நடுச்சுவரில் மாட்டியவள் அவளேதான்.

"வேற வழி இல்லையா?" என்று கேட்டாள்.

நவநீதன் குரலைத் தாழ்த்தினான். "கண்ணு பாத்திருக்கணும். அவ்வளவுதான் அதுக்கு வேணும். எப்பப் பாத்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. நேர்ல பாத்துச்சா, சுவத்துல பாத்துச்சான்னும் தெரியாது. ஒரு படத்தை ஒருத்தர் திரும்பத் திரும்ப, முழு மனசோட, தான் அங்க நிக்கற மாதிரி பாத்தா, மூளை அதையும் பாத்த கணக்குலதான் வெச்சுக்கும்."

சாம்பவி அவனையே பார்த்தாள்.

"நான் எதுவும் சொல்லலீங்க," என்று எழுந்தான் நவநீதன். "ஆனா ஒண்ணு. ஒருதடவை உள்ள போனா, வெளிய எடுக்கறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

* * *

நவநீதன் சொன்னதைக் கேட்டதும், "வேண்டாம்," என்றார் மரியதாஸ் முதலில். "எனக்கு மட்டும் எண்டால் நான் போயிடுவன் தங்கச்சி. அங்க ஆருமில்லை, வீடுமில்லை; பரவாயில்லை, எங்கயாவது கிடப்பன். ஆனால் என்ரை குடியுரிமை போனால் றெஜினாவின்ரையும் போகும். அவள்ட பிள்ளையளின்ரையும் போகும். அதுகளுக்கு மன்னார் எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

றெஜினா அவருடைய ஒரே மகள். ஆஸ்பத்திரித் தாதி. அவளுக்கு அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ட்ராமை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனதற்குத் தலைசுற்று என்று காரணம் சொல்லியிருந்தார்.

பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நடந்ததைச் சொன்னார். கண்காட்சிக்காகச் சொன்னபோது கடைசியில் நடந்ததை மட்டும்தான் சொல்லியிருந்தார்; அடைக்கலம் கிடைத்ததும் அதை வைத்துத்தான்.

சண்டைக் காலம். பேசாலையிலிருந்து இந்தியாவுக்குப் படகு. அளவுக்கு மீறி ஆட்கள். விடிகிற நேரத்தில் படகோட்டி படகை நிறுத்தி, இதுதான் இந்தியக் கரை, இறங்குங்கோ என்று சொன்னான். இறங்கினார்கள். படகு திரும்பிப் போய்விட்டது. வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது, அது கரையே அல்ல. நடுக்கடலில் ஒரு மணல் தீடை. நாலு பக்கமும் தண்ணீர். ஒரு குடும்பம் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. அதன்மேல் பிள்ளைகளை ஏற்றி நிறுத்தினார்கள். யாரோ அந்தோனியார் சொரூபத்தைத் துவாயில் சுற்றி வைத்திருந்தார்கள். கடல் வற்றியிருந்த நேரம் முடிந்து, மறுபடி பெருகத் தொடங்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. மரியதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய தம்பி அலோசியஸ் நின்றான். பள்ளிக்கூடம் முடித்த வயது. நீந்தத் தெரியும், ஆனால் காய்ச்சல்.

"தண்ணி நெஞ்சுக்கு வரேக்க நான் கண்ணை மூடினனான்," என்றார். "சின்னப்பிள்ளை மாதிரி. மூடினால் இல்லாமப் போகும் எண்டு நினைச்சன் போல. ஒரு அலை வந்தது. கையில கை இருந்தது. அடுத்த அலை வரேக்க இல்லை. நான் திறக்கேல்லை. பிறகு மீன்பிடிக்கிற ஆக்கள் வந்து தூக்கேக்கயும் திறக்கேல்லை. எல்லாத்தையும் காதாலதான் கேட்டனான்."

அவர் காதால் அறிந்ததைச் சாம்பவி கண்ணுக்கு மாற்றத் தொடங்கினாள்.

அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். தீடைகளின் படங்களைத் தேடி எடுத்தாள். அந்தப் பருவத்தில் சூரியன் எந்தப் பக்கம் எழும், தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும் என்று பார்த்தாள். தையல் மெசினை வரைந்தாள். பெண்களின் சேலைகள் நனைந்து கறுப்பதை வரைந்தாள். அலோசியஸின் முகத்துக்கு மரியதாஸிடம் இருந்தது பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படம் மட்டும். அந்தச் சின்ன முகத்திலிருந்து திரும்பும் முகத்தை, சிரிக்கும் முகத்தை, காய்ச்சலில் உதடு வெடித்த முகத்தை எழுப்பினாள். ஒரு காட்சியைச் சரியாக்க வேண்டுமென்றால் அதற்குள் நுழைந்து எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். அவள் பார்த்தாள். வாரக்கணக்கில் அந்தத் தீடையிலேயே நின்றாள். சாப்பிடும்போது கால் குளிர்ந்தது. தெருவில் நடக்கும்போது மேலெல்லாம் உப்பு ஒட்டியிருப்பதுபோல் ஒரு பிசுபிசுப்பு.

முதல்முறை பார்த்தபோது மரியதாஸ் பாதியில் எழுந்து குளியலறைக்கு ஓடினார். அவர் வாந்தி எடுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாம்பவி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிறுத்திவிடலாம் என்று சொல்லக் கதவுவரை போனாள். அவரே முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அவன்ர மூக்கு கொஞ்சம் வளைவு," என்றார். "இடப்பக்கம். விழுந்து உடைச்சவன்."

அவள் மூக்கை மாற்றினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் முன் வந்தார். கண்ணைத் திறந்துவைத்திருக்கப் பழகினார். இமை மூடப் போகும்போது சாம்பவி அவருடைய தோளைத் தொடுவாள். தண்ணீர் நெஞ்சுக்கு வரும். முதல் அலை. இரண்டாவது அலை. தம்பியின் தலை ஒருமுறை மேலே வந்து, இன்னொருமுறை கொஞ்சம் தள்ளி வந்து, பிறகு வராமல் போகும். அவர் அதைப் பார்த்தார். மறுபடி போடு என்றார். சாம்பவி போட்டாள். தான் செய்வது உதவியா, அல்லது இத்தனை வருடம் அந்த மனிதர் தன்னைக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே மறைப்பைப் பிய்த்தெடுப்பதா என்று கேட்டுக்கொண்டே போட்டாள்.

மீளாய்வு நாளில் அவருக்குப் புகை வரவில்லை. தெளிவான கடல் வந்தது. தீடை வந்தது. தம்பி வந்தான். அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தாராம்.

"போன வருசம் புகையா வந்ததே எண்டு கேட்டவை," என்றார் மரியதாஸ் அன்று மாலை, அவளுடைய கலைக்கூடத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு. "அப்ப சொல்லப் பயமாயிருந்தது எண்டன். நம்பீட்டினம்."

"அப்ப எல்லாம் சரி அண்ணை."

"ஓம். எல்லாம் சரி." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ட்ராம் கண்ணாடியில தெரியிறான் தங்கச்சி. பேரப்பிள்ளையைக் குளிக்க வார்க்கேக்க தெரியிறான். முந்தி கண்ணை மூடினால் ஒண்டும் தெரியாது. இப்ப மூடினால்தான் வடிவாத் தெரியுது."

அவர் குறைசொல்லவில்லை. அதுதான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது.

* * *

பனி கரைந்த பிறகு சாம்பவிக்கும் அழைப்பு வந்தது.

அதில் அவள் அவ்வளவு கலங்கவில்லை. அகதியாக வந்த எல்லோரையும் கூப்பிடுகிறார்கள், அவளும் ஒருத்தி. அவளுடைய பயணம் அவளுக்கு நன்றாகவே தெரியும். கொழும்பிலிருந்து விமானம். பிறகு ஏதோ ஒரு நாட்டில் ஒரு லொறி. தோடம்பழப் பெட்டிகளுக்கு நடுவில் அம்மாவும் அவளும். மூச்சுமுட்டும் இருட்டில், பலகை இடுக்கு வழியாக ஒரு வெளிச்சக் கீற்று அம்மாவின் முழங்காலில் நடுங்கிக்கொண்டே வந்தது. அம்மா விண்ணப்பத்தில் சொன்னதும் அதைத்தான். அம்மா இறந்து நாலைந்து வருடமாகிவிட்டது. அந்த லொறியை அறிந்தவள் உலகத்தில் இப்போது சாம்பவி மட்டும்தான்.

அதிகாரியின் பெயர் திருமதி லிண்ட். மென்மையான பெண்மணி. "உங்கள் கண்காட்சியை நான் இரண்டு முறை பார்த்தேன்," என்று சொல்லி, தண்ணீர்க் குவளையை அருகில் வைத்தார். "நீங்களே அறிவீர்கள், பயப்பட ஒன்றுமில்லை. லொறிப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்."

சாம்பவி கமராவைப் பார்த்தாள். எத்தனையோ பேரை உட்காரவைத்த கதிரையில் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தோடம்பழ வாசனையைச் சொன்னாள். அம்மாவின் முழங்காலைச் சொன்னாள். வெளிச்சக் கீற்றைச் சொன்னாள். சொல்லும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. சொற்கள் வந்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பாடமாக்கியதை ஒப்பிப்பதுபோல் இருந்தது. முழங்காலைத் தேடினாள். வெளிச்சத்தைத் தேடினாள். அது பெரிதாகி, பரந்து, தண்ணீரின் மேல் விழுந்தது.

திருமதி லிண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வற்றியது.

"திரும்பிப் பாருங்கள்," என்றார்.

சுவரில் கடல். நடுவே ஒரு மணல் மேடு. தையல் மெசினின் மேல் நிற்கும் பிள்ளைகள். நெஞ்சளவு தண்ணீரில் கைபிடித்து நிற்கும் இரண்டு ஆண்கள்.

சாம்பவிக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அந்தக் கோடுகள் ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரியும். அம்மா எங்கே? லொறி எங்கே? கண்ணை மூடிப் பார்த்தாள். மூடிய கண்ணுக்குள்ளும் அலை அடித்தது.

"நீங்கள் லொறியைச் சொல்கிறீர்கள். உங்கள் கண் கடலைச் சொல்கிறது," என்றார் திருமதி லிண்ட். "இது யாருடைய கடல்?"

உண்மையைச் சொன்னால் விளக்கிவிடலாம். நான் படம் எடுப்பவள், இது நான் வரைந்த கடல், உங்கள் கமராவை இப்படி ஏமாற்ற முடியும். இந்தச் சுவரே சாட்சி. ஒருவேளை அந்த மீளாய்வே நின்றுபோகலாம். ஆனால் யாருக்காக வரைந்தாய் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். மரியதாஸ் அண்ணை, றெஜினா, குளிக்க வார்க்கும் பேரப்பிள்ளை.

அதற்குள் அதிகாரியின் மேசைத்திரையில் ஏதோ ஒலித்தது. அவர் குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இதே இடம் எங்களிடம் இருக்கிறது," என்றார் மெதுவாக. "இன்னொருவருடைய கண்ணிலிருந்து. அதே மணல், அதே இயந்திரம், அதே ஆட்கள். ஆனால் வேறு கோணம். அவர் அந்த இரண்டு ஆண்களில் ஒருவர். நீங்கள் அவர்களிடமிருந்து சற்றுத் தள்ளி நின்று அவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்." அவர் நிமிர்ந்தார். அவருடைய குரலில் இரக்கம் வந்திருந்தது. "ஒரே இடத்தை இருவர் வேறுவேறு பக்கத்திலிருந்து காண்பதை யாராலும் சொல்லிக்கொடுத்துச் செய்ய முடியாது. நீங்கள் அதே படகில் வந்திருக்கிறீர்கள்."

"நான்…"

"அப்போதிருந்த சட்டம் எனக்குத் தெரியும். இந்தியா வழியாக வந்ததாகச் சொன்னால் திருப்பி அங்கேயே அனுப்பியிருப்பார்கள். அந்த மனிதர் அது மாறிய பிறகு வந்தவர்; உங்கள் அம்மா வந்தது அதற்கு முன். அதனால் பல தாய்மார் கடலை மறைத்து வேறு கதை சொன்னார்கள். உங்கள் அம்மாவும் லொறி என்று சொல்லியிருக்கிறார். அதையே உங்களுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார். நீங்கள் சின்னப்பிள்ளை. உங்கள் பிழை இல்லை." அவர் ஒரு திசுத்தாளை நீட்டினார். "உங்கள் அம்மா சொன்னது பொய். அப்படித்தானே?"

அம்மா பொய் சொன்னதில்லை. லொறிக்குள் காற்றில்லாமல் போனபோது தன் வாயிலிருந்து மகளின் வாய்க்கு மூச்சை ஊதியவள். அது நடந்ததா? நடந்தது என்று சாம்பவிக்குத் தெரியும். ஆனால் அந்த வாயை, அந்த முகத்தை, அவளால் காணமுடியவில்லை.

"ஓம்," என்றாள். தமிழில் சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து, அந்த நாட்டு மொழியில் மறுபடி சொன்னாள். "ஆம். பொய்தான்."

திருமதி லிண்ட் எழுந்து வந்து அவளை அணைத்துக்கொண்டார். பதிவு திருத்தப்படும் என்றார். இனி யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

* * *

மரியதாஸ் வீட்டுச் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். றெஜினா வேலைக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். சாம்பவி கதவருகில் நின்று நடந்ததெல்லாம் சொன்னாள். அம்மாவைப் பற்றிச் சொன்ன இடத்தில் அவளால் தொடர முடியவில்லை. அவர் கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவி, அவளுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"நீ என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்," என்றார்.

"பயமாயிருந்தது அண்ணை. ஒண்டும் யோசிக்கேல்லை. இப்பவும் பயமாயிருக்கு. அம்மான்ர முகம் படத்தில பார்த்தால் தெரியுது. லொறிக்குள்ள தேடினால் இல்லை. அங்க தண்ணிதான் நிக்குது."

அவர் எதிரே உட்கார்ந்தார். குழாயிலிருந்து சொட்டுச்சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. கேட்பதா வேண்டாமா என்று தயங்கும் முகம்.

"அப்ப எங்களோட வந்தனி எண்டு எழுதிப்போட்டாங்கள்."

"ஓம்."

"பக்கத்தில நிண்டு பார்த்தனி எண்டு."

"ஓம் அண்ணை."

"எனக்கு நீ எடுத்த படத்தில, ரெண்டாவது அலை வரேக்க தண்ணி மட்டுந்தான் தெரியும். கை தெரியாது." அவர் மேசையில் இருந்த தன் வலக்கையைப் பார்த்தார். "நீ நிண்ட இடத்தில இருந்து பார்த்தால் கை தெரியுமே? நான் விட்டனானா?"

சாம்பவி அந்தக் கையை வரைந்ததில்லை. அவர் கேட்கவில்லை, அவளுக்கும் துணிவிருக்கவில்லை. ஆனால் அவர் கேட்டதுமே, எந்தத் தேடலும் இல்லாமல், அது அவள் முன்னால் வந்து நின்றது. கண்களை இறுக மூடிக்கொண்டு நிற்கும் மனிதர். பக்கத்தில் காய்ச்சலோடு நிற்கும் பையன். அண்ணனின் விரல்கள் வெளுக்குமளவுக்கு அவன் கையை இறுக்கியிருக்கின்றன. பையன் அலையைப் பார்க்கிறான், அண்ணனைப் பார்க்கிறான். பிறகு மற்றக் கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறான்.

"நீங்கள் விடேல்லை," என்றாள். "அவர்தான் கழட்டினவர். உங்களையும் இழுத்துக்கொண்டு போகக்கூடாது எண்டு."

மரியதாஸ் அவளையே பார்த்தார்.

"நீ கண்டனியா?"

அந்தக் கையை அவளே உண்டாக்கினாளா, வேறு யாரோ கண்டது எப்படியோ தன்னிடம் வந்து சேர்ந்ததா என்று சாம்பவி தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் படம் தெளிவாக இருந்தது, புகை இல்லை.

"கண்டனான் அண்ணை," என்றாள்.

அவர் வலக்கையை மெல்ல மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழத் தொடங்கினார்.